1893: அட்லாண்டிக் கடலைக் கலக்கிய சூறாவளிகள்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டமொன்றிற்கு, மழைக்கால முன்னெச்சரிக்கை குறித்து உரையாற்ற நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடியுந் தறுவாயில், பால்மரம் வெட்டும் முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஒரு பெருங்காற்று அடித்தாலே நம் நிரையில் பத்து மரம் சாய்ந்துவிடுகிறது. வெளிநாடுகளில் ஊரையே வாரிக்கொண்டு போகும் புயல் வருகிறதாமே, அங்கே நம்மைப் போல் தோட்டங்காட்டில் வேலை செய்கிற சனங்கள் என்ன ஆவார்கள்?" என்று வினவினார். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. புயல் எவ்வாறு தோன்றுகிறது என்பதனைச் சொன்னோமேயன்றி, அதன் பின்னர் அம்மக்கள் என்ன ஆயினர் என்பதனைச் சொன்னோமில்லை. அப்பெரியவரின் வினாவிற்குரிய விடையை இக்கட்டுரையில் காண முற்படுவோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்வது, நூறாண்டுக்கும் முற்பட்ட ஒரு புயற்பருவமாகும். 1893ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவிற்கும் அமெரிக்காவிற்கும் இடைப்பட்ட அட்லாண்டிக் மாகடலில் பன்னிரண்டு புயல்கள் தோன்றின எனவும், அவற்றுள் பத்து கடுஞ்சூறாவளிகளாக வளர்ந்தன எனவும் இன்றைய ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாளன்று நான்கு சூறாவளிகள் ஒருங்கே அக்கடலின்மீது சுழன்றுகொண்டிருந்தன. ஒன்று கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று பெர்முடாவிற்கும் பகாமாத் தீவுகளுக்கும் இடையே நின்றது. மூன்றாவது, மேற்கிந்தியத் தீவுகளின் கிழக்கு விளிம்பிற்கு வடகிழக்கே வந்துகொண்டிருந்தது. நான்காவது, ஆப்பிரிக்காவை அடுத்த கேப் வர்டித் தீவுகளுக்கு மேற்கே இருந்தது. இவ்வாறு நான்கு சூறாவளிகள் ஒரே வேளையில் அக்கடலில் நிலவியது மீண்டும் 1998ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில்தான் காணப்பட்டது.

இதில் வியப்பிற்குரிய செய்தி ஒன்றுண்டு. அன்று உயிரோடிருந்த ஒருவருக்கேனும் இந்த நான்கும் ஒருங்கே இருப்பது தெரியாது. விண்ணிலிருந்து படமெடுக்கும் செயற்கைக்கோள் அந்நாளில் இல்லை. கப்பல்களில் கம்பியில்லாத் தந்தியும் இல்லை. நடுக்கடலில் புயலில் சிக்கிய மாலுமி, தன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமே கண்டான். காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, பாரமானி எவ்வளவு இறங்கிற்று என்பதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தான். கரை சேர்ந்தால் அக்குறிப்பும் கரை சேரும். கப்பல் மூழ்கினால் அதுவும் உடன் மூழ்கும். அவ்வாறு தப்பிப் பிழைத்த குறிப்புகளை ஒன்றுடன் ஒன்று பொருத்திப் பார்த்தே பிற்காலத்தவர் இந்த வரலாற்றை வரைந்தனர்.

சூறாவளி எவ்வாறு பிறக்கிறது? நம் தோட்டத்துப் புகைக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே அடுப்பு எரிய, வெப்பக்காற்று மேலெழுந்து கூரையின் திறப்பு வழியே வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக் கீழ்ப்புறத்திலிருந்து புதுக்காற்று உள்ளே நுழைகிறது. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26 அல்லது 27 பாகை செல்சியசுக்குமேல் சூடேறும்போது இதுவே பேரளவில் நிகழ்கிறது. கடல் அடுப்பாகிறது, நீராவியே விறகாகிறது. ஈரக்காற்று உயரே சென்று குளிர்ந்து மழையாகும்பொழுது, நீராவியில் அடங்கியிருந்த வெப்பம் வெளிப்படுகின்றது. அவ்வெப்பம் காற்றை மேலும் உயரத் தூக்க, கீழே அழுத்தம் மேலும் குறைய, சுற்றிலுமுள்ள காற்று மேலும் விரைந்து பாய்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால், பாய்ந்து வரும் காற்று நேராகச் செல்லாமல் வளைந்து சுழல்கின்றது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கேயுள்ள பகுதிகளில் அச்சுழற்சி கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் அமையும்.

இவ்வளைக்கும் ஆற்றல் நிலநடுக்கோட்டருகே மிகக் குறைவு. ஆகையினால்தான் நம் நாட்டில் கடல் சூடாக இருந்தும் சூறாவளிகள் அரிதாக உள்ளன. அரிது என்றோமேயன்றி, அறவே இல்லை என்றோமில்லை. 1996ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கிரெக் என்னும் புயல் சபா மாநிலத்தைத் தாக்கி, கெனிங்காவ் வட்டாரத்தில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், நிலநடுக்கோட்டிற்கு ஒன்றரைப் பாகை வடக்கே உருவான வாமெய் என்னும் சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. அவ்வளவு தாழ்ந்த அகலக்கோட்டில் ஒரு சூறாவளி உருவாகும் என்று வானிலை அறிஞர்களே அதுவரை எதிர்பார்த்ததில்லை.

மீண்டும் 1893க்கு வருவோம்.

முதலாவது சூறாவளி நோவா ஸ்கோஷியாக் கரையருகே கப்பல்களை உடைத்துக் கடந்தது. இரண்டாவது, ஆகஸ்டு 24ஆம் நாள் நியூயார்க் நகரத்தையே தாக்கியது. அந்நகரத்தின் தென்கரைக்கு அப்பால் ஹாக் தீவு என்ற மணல்மேடு ஒன்று இருந்தது. உணவகங்களும் குளியற்கூடங்களும் அமைந்த அத்தீவின் பெரும்பகுதியை அன்றிரவு அலைகள் கரைத்துவிட்டன. எஞ்சியதும் பின்னர்ச் சில ஆண்டுகளில் கடலோடு கலந்தது. பெருநகரத்தின் செய்தித்தாள்கள் இதனைப் பல நாள் எழுதின. அவ்வேளையில் மூன்றாவது சூறாவளி, எவருடைய கருத்தையும் ஈர்க்காது, தெற்கிலிருந்து கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நம் கட்டுரையின் பொருள் அதுவேயாகும்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், ஜார்ஜியா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களை ஒட்டி, கடல் தீவுகள் எனப்படும் தாழ்வான தீவுகள் பல உள்ளன. செயின்ட் ஹெலினா, லேடீஸ், ஹில்டன் ஹெட் முதலியன அவற்றுட் சில. ஆறும் கடலும் கலக்கும் சதுப்பு நிலமும் உப்பங்கழிகளும் அவற்றைச் சூழ்ந்துள்ளன. பட்டுப்போன்ற நீண்ட இழையுடைய பருத்தி அங்கு விளைந்தது. அப்பருத்தியைப் பயிரிடுவதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே அத்தீவு மக்களில் மிகப் பெரும்பான்மையோர். அவர்களைக் கல்லா மக்கள் என்பர். ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த தனிமொழி ஒன்று அவர்களுக்குண்டு.

1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் வடவர் படை அத்தீவுகளைக் கைப்பற்றியபோது, தோட்ட முதலாளிமார் தம் மாளிகைகளை விட்டு ஓடினர். வரி செலுத்தப்படாத அந்நிலங்கள் ஏலத்திற்கு வந்தன. விடுதலை பெற்ற அடிமைகள் சல்லிக்காசுகளைச் சேர்த்துவைத்துச் சிறு சிறு துண்டுகளாக அவற்றை வாங்கினர். முன்னாளில் கசையடி பட்டுப் பருத்தி பறித்த அதே மண்ணில், தமக்கெனப் பருத்தியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பயிரிட்டனர். அருகிலுள்ள ஆற்றுப்படுகைகளிலிருந்து எருவிற்கு உதவும் பாஸ்பேட் பாறையை வெட்டி எடுக்கும் கூலிவேலையும் இருந்தது. வறுமைதான்; ஆயினும் கூரையும் நிலமும் அவர்களுடையவை. இதனை நாம் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. உடைமையே இல்லாதவனைப் புயல் அடிப்பது ஒருவகை. முப்பதாண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த சிறு உடைமையை ஓரிரவில் அது வாரிச் செல்வது மற்றொரு வகை.

ஆகஸ்டு 27ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பருத்திக் காய்கள் வெடிக்கத் தொடங்கியிருந்தன, அறுவடை அண்மித்திருந்தது. காலையிலிருந்தே காற்று வலுத்தது. இருள் சூழ்ந்தபின் சூறாவளியின் நடுப்பகுதி ஜார்ஜியாவின் சவான்னா நகருக்கருகே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர் இருந்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது. கூரைகள் பறந்தன, மரங்கள் முறிந்தன. எனினும் அன்றிரவு மக்களைக் கொன்றது பெரும்பாலும் காற்றன்று, தண்ணீரேயாகும்.

சூடான தேநீரைத் தட்டில் ஊற்றி நாம் ஊதிக் குடிப்பதுண்டு. ஊதும்பொழுது தேநீர் நம்மைவிட்டு விலகி எதிர்விளிம்பில் ஏறி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். சூறாவளி கடலைக் கரையை நோக்கி ஊதித் தள்ளுகிறது. கடல் ஆழமாயிருந்தால் தள்ளப்பட்ட நீர் அடிவழியே திரும்பிச் சென்றுவிடும். கரையோரம் ஆழமற்றதாயிருந்தால் திரும்ப வழியின்றி மேலேறும். ஜார்ஜியாவும் தென் கரோலினாவும் அமைந்த கரை உள்வாங்கி வளைந்தது. அதன் கடலடியோ நெடுந்தூரம் ஆழமின்றிச் செல்வது. நீர் குவிவதற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. வட பகுதியில் சூறாவளி எதிர்க்கடிகாரத் திசையில் சுழலுமாதலால், அது செல்லும் வழிக்கு வலப்புறத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். இடப்புறத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். சவான்னாவுக்கருகே அது வடக்கு நோக்கி ஏறியபோது, வலப்புறத்தில் கிடந்தவை கடல் தீவுகள். மேலும் அன்று முழுநிலா நாள். பௌர்ணமியில் கடலேற்றம் இயல்பாகவே மிகுதி என்பது கடலோர மக்கள் அறிந்ததே. அவ்வேற்றத்தின்மேல் புயலின் நீரும் ஏறி, பதினாறு அடி உயரம்வரை கடல் நிலத்தின்மீது வந்ததெனக் குறிப்புகள் கூறுகின்றன. தீவுகளில் பல இடங்கள் அவ்வுயரத்திற்கும் தாழ்ந்தவை.

சிறு மரக்கட்டைகளின்மேல் நின்ற பலகை வீடுகள், அடித்தளத்தைவிட்டு மிதந்து சென்றன. உறுதியான மரங்களில் ஏறியவர்களும் பழைய மாளிகைகளின் மேல்மாடியை எட்டியவர்களும் பிழைத்தனர். இருளில் கைநழுவிய குழந்தைகளை மீட்க வழியில்லை. பொழுது விடிந்தபின், சதுப்பு நிலத்துப் புற்களிடையே உடல்கள் கிடந்தன. அவ்வாறு கண்டெடுப்பது அதன்பின் பல நாட்கள் தொடர்ந்தது.

இனி, எச்சரிக்கை என்ன ஆயிற்று என்னும் வினா எழும். அமெரிக்க வானிலைத் துறை, இராணுவத்தின் கீழிருந்து 1891ஆம் ஆண்டில்தான் வேளாண்மைத் துறைக்கு மாற்றப்பட்டிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தந்திவழி வந்த செய்திகளையும் கரையோர நிலையங்களின் அளவீடுகளையும் கொண்டு அத்துறையினர் புயலை அறிந்தனர். சவான்னா, சார்ல்ஸ்டன் முதலிய துறைமுகங்களுக்கு முன்கூட்டியே அறிவித்தனர். நடுவில் கருஞ்சதுரம் பொறித்த செங்கொடி துறைமுகங்களில் ஏற்றப்பட்டது. கொடியைக் கண்ட மாலுமிகளும், செய்தித்தாள் படிக்கும் நகரத்தாரும் எச்சரிக்கையாயினர். சவான்னா நகரமோ ஆற்றங்கரையில் உயர்ந்த மேட்டில் அமைந்தது.

கொடி எட்டுமட்டும் சென்ற எச்சரிக்கை, அதற்கப்பால் செல்லவில்லை. தந்திக்கம்பி உப்பங்கழிகளைக் கடந்து தீவுக் குடிசைகளுக்குச் சென்றிருக்கவில்லை. ஒவ்வொரு தீவிற்கும் படகில் சென்று சொல்ல ஆளும் அமர்த்தப்படவில்லை. சொல்லியிருந்தாலுங்கூட, தாழ்ந்த தீவிலிருந்து குடும்பத்தோடு வெளியேறப் பாலமில்லை, படகு போதாது. வானிலைத் துறையினர்மீது நாம் குறைகூற வரவில்லை. அன்றைய நிலையில் அவர்தம் பணி சிறப்பானதே. ஆயினும் எச்சரிக்கை விடுப்பது வேறு. அது கடைசி வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு. இத்தனைக்கும் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1881ஆம் ஆண்டில், அதே ஆகஸ்டு 27ஆம் நாள், அதே கரையில் ஒரு சூறாவளி ஏறி ஏறத்தாழ 700 பேரைக் கொன்றிருந்தது. அப்பன்னிரண்டு ஆண்டுகளில் கம்பி தீவுகளைச் சென்றடையவில்லை என்பதே நமக்கு வருத்தந்தரும் செய்தியாகும்.

இவ்விடத்தில் ஒரு பெரியாரை நினைவுகூராதிருத்தல் முறையன்று. கியூபாவின் ஹவானா நகரில் பெலேன் கல்லூரி ஆய்வுக்கூடத்தை நடத்திவந்த பெனித்தோ வீன்யெஸ் என்னும் பாதிரியார், மெல்லிய உயர்முகில்கள் எத்திசையிலிருந்து விரிகின்றன என்பதைக் கண்டே புயலின் இருப்பிடத்தைக் கணிக்கும் கலையில் வல்லவர். 1875ஆம் ஆண்டிலேயே புயல் அறிவிப்பு வெளியிட்டவர் அவர். இந்தக் கடும்பருவத்தைக் காண அவர் இல்லை. 1893 சூலைத் திங்களில் காலமானார்.

ஆகஸ்டோடு அவ்வாண்டின் துயரம் ஒழியவில்லை. அக்டோபர் 1ஆம் நாள் இரவு, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து மற்றொரு சூறாவளி லூசியானா மாநிலக் கரையைத் தாக்கியது. அங்கு ஷெனியர் கமினாடா என்னும் மீனவர் ஊர் இருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்த அவ்வூரில் மட்டும் 779 பேர் மாண்டனர். அக்கரை முழுவதிலும் மாண்டோர் ஏறத்தாழ 2,000 பேர். அவ்வூருக்கும் தந்தியில்லை. அழிவுச் செய்தி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை அடைந்தது, பிழைத்தவர் படகேறிச் சென்று சொன்ன பின்னரே. அதே அக்டோபர் 13ஆம் நாள் இன்னொரு சூறாவளி, ஏற்கெனவே நொந்து கிடந்த தென் கரோலினாக் கரையில் ஏறியது.

ஷெனியர் கமினாடாவில் இறந்தோரை 779 என்று ஒன்று குறையாமல் சொல்ல முடிகிறது. கடல் தீவுகளில் இறந்தோர் எத்தனை பேர்? ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம்வரை என்பதே நூல்கள் தரும் விடை. அதனினும் மிகுதி என்பாரும் உளர். ஓராயிரம் மனிதர் உளரா இலரா என்று தெளிவில்லாத கணக்கு இது. கண்டெடுத்த உடல்களைக் கண்ட இடத்திலேயே புதைத்தனர். கடல் கொண்டவர்களைத் தேட வழியில்லை. குடும்பம் முழுவதும் மாண்டபோது, அவர்கள் பெயரைச் சொல்லவும் ஆளில்லை. தோட்டத்தில் பிறப்பு, இறப்புப் பதிவை ஒரு தொல்லையாகக் கருதும் நம் அன்பர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பிழைத்தோரின் நிலை யாது? ஏறத்தாழ 30,000 பேர் வீடிழந்து நின்றனர். பருத்தி உப்புநீரில் கருகியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. கிணறுகளில் கடல்நீர் புகுந்து குடிநீர் கெட்டது. பாஸ்பேட் எடுக்கும் தோணிகளும் எந்திரங்களும் உடைந்து கூலிவேலையும் நின்றது. சுருங்கச் சொன்னால், இருந்த வீடு, விளைந்த பயிர், கிடைத்த கூலி, குடித்த தண்ணீர் ஆகிய நான்கும் ஒரே இரவில் போயின.

மாநில ஆளுநரின் வேண்டுகோளின்பேரில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்த கிளாரா பார்ட்டன் அம்மையார் அங்கு வந்தார். அப்போது அவருக்கு அகவை 71. பியூபர்ட் என்னும் சிறு நகரில் தங்கி, அக்டோபர் முதல் உதவிப்பணியை முழுமையாக ஏற்றார். நன்கொடையாக அவர் கைக்கு வந்த தொகை 30,000 டாலருக்குச் சற்று மேல். துயருற்றோரும் 30,000 பேர். அடுத்த அறுவடைவரை, ஆளுக்கு ஒரு டாலர்! இந்தக் கணக்கைக் கண்டு பின்வாங்கியிருந்தாலும் எவரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

குடும்பமொன்றிற்கு வாரத்திற்கு ஏறத்தாழ ஒன்பது லிட்டர் அளவுள்ள சோளக் குறுநொய்யும், ஒரு இராத்தல் உப்பிட்ட பன்றியிறைச்சியும் வழங்கப்பட்டன. நம் வீட்டுப் பெண்மணிகள் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால், எத்துணைச் சிறிய பங்கு என்பது விளங்கும். மற்றவை கடலிலிருந்தும் கழியிலிருந்தும் வரவேண்டும்: மீனும் நண்டும் சிப்பியும்.

பார்ட்டன் அம்மையார் வேறொன்றும் செய்தார். வேலை செய்ய இயன்றவர்களை வேலைக்கு அழைத்தார். கடல்நீர் தேங்கிய வயல்களிலிருந்து உப்பை வடியச் செய்யாவிடில், அடுத்த ஆண்டும் ஒன்றும் விளையாது. ஆகவே தீவெங்கும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. வெட்டியவர்கள் அந்நிலங்களுக்குரிய மக்களே. பொதுவேலைக்கு வந்தவர்களுக்கு உணவுப்பங்கு கூடுதலாகக் கிடைத்தது. வீடு கட்டப் பலகையும் ஆணியும் வந்தன. கட்டிய கைகள் அவர்களுடையவை. வடக்கிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வந்த பழந்துணிகளை அம்மையார் அப்படியே வாரி வழங்கவில்லை. ஊர்தோறும் பெண்கள் கூடித் தையற்குழுக்கள் அமைத்தனர். அத்துணிகளை வெட்டித் தைத்து, எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள், யாருக்கு எது தேவை என்பதனை அறிந்து அவர்களே பங்கிட்டனர். வெளியிலிருந்து வந்த உதவியாளர் சிலரே. ஒவ்வொரு ஊரிலும் குடிகளே தேர்ந்த குழுவினர் பட்டியல் எழுதி, பொருளைப் பெற்று வழங்கினர். முன்னர் எழுதப்படிக்க உரிமையே மறுக்கப்பட்டிருந்த இனத்தவர் இவர்கள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதனைக் குறைகூறியோரும் இருந்தனர். சோறுபோட்டால் இம்மக்கள் சோம்பேறிகளாகி, பருத்தி பறிக்க வரமாட்டார்கள் என்று அக்கரையில் சிலர் பேசினர். இத்தகைய பேச்சை நாமும் எங்கோ கேட்டதுண்டு. வாய்க்கால் வெட்டியவர்களின் கைகளைப் பார்த்திருந்தால் அவ்வாறு பேசியிருக்க மாட்டார்கள்.

குளிர்காலம் கழிந்தது. 1894ஆம் ஆண்டு வசந்தத்தில் விதையும் விதைக்கிழங்கும் வழங்கப்பட்டன. பருத்தி மட்டும் போடும் பழக்கத்தை விட்டு, வீட்டைச் சுற்றிக் காய்கறித் தோட்டமும் போடுமாறு அம்மையார் வற்புறுத்தினார். உப்பு வடிந்த மண்ணில் முளை கிளம்பியது. கோடையில் முதல் விளைச்சல் கைக்கு வந்தபின், செஞ்சிலுவைச் சங்கத்தார் கிடங்கைப் பூட்டித் தம் ஊர் திரும்பினர். நன்கொடைப் பணமும் ஏறக்குறைய அத்துடன் தீர்ந்திருந்தது.

எல்லாம் பழையபடி ஆயின என்று சொல்லிவிட முடியாது. பாஸ்பேட் தொழில் அக்கரையில் முன்போல் மீண்டும் தலைதூக்கவில்லை. கூலி தேடி இளைஞர் பலர் தீவைவிட்டு நகரங்களுக்குச் சென்றனர். நீண்ட இழைப் பருத்தி மேலும் கால் நூற்றாண்டு விளைந்து, பின்னர்ப் பருத்திக்காய் வண்டின் தாக்குதலால் அதுவும் மறைந்தது. கம்பியில்லாத் தந்தி கப்பல்களுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வானிலைச் செயற்கைக்கோள் வந்தது 1960ஆம் ஆண்டில். இன்று செயின்ட் ஹெலினாத் தீவிற்குப் பாலம் உண்டு. சூறாவளி நெருங்கினால் வெளியேறும் ஆணை வீடுதோறும் எட்டுகிறது. அத்தீவில், 1893ஆம் ஆண்டுப் புயலில் பிழைத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள், அன்று வாய்க்கால் வெட்டப்பட்ட நிலங்கள் சிலவற்றில் இன்றும் வாழ்ந்து வருகின்றனர்.